பழைய வீட்டு உட்சுவரில் ஓதம் ஏறுது, பூச்சு கழருது: எங்கையிருந்து தொடங்கிறது?

முத்தையன்கட்டு_வீடு

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம் 1960களில் கட்டின வீடு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, 9 அங்குலச் சுவர், ஓட்டுக்கூரை. கூரைத் தண்ணி பிடிக்கிற பீலி இல்லை. சண்டைக்குப் பிறகு கூரை இல்லாமல் நிண்ட சுவரைத்தான் 2011இல் திருத்தி, உள்ளுக்கும் வெளியிலையும் சீமெந்துப் பூச்சுப் பூசினது. 2016இல் நிலத்துக்கு ரைல்ஸ் போட்டு, முற்றத்துக்குக் கிறவல் பறிச்சு உயர்த்தினது. இப்ப வெளி நிலம் வீட்டு நிலத்தைவிட 2 அங்குலம்தான் கீழ.

பழுதான சுவர் இரண்டு. மேற்குப் பக்க வெளிச்சுவர் 14 அடி, அறைக்கும் குசினிக்கும் நடுச்சுவர் 12 அடி. நிலத்திலயிருந்து 3 அடி மட்டும் கறை ஏறி, பெயின்ற் கொப்புளிச்சு, வெள்ளைத் தூள் கொட்டினது. போன வருசம் அந்த 3 அடியையும் கொத்தி, வோட்டர் புறூஃப் மருந்து கலந்து 1:3 சீமெந்துச் சாந்தால பூசினது. இந்த மாரியோட கறை 4 அடிக்கு மேல போய் நிக்குது. புதுப் பூச்சுக்குக் கீழ தட்டினால் பொள்ளல் சத்தம். மார்கழியில அடிச்சுவர் கைக்கு ஈரமாய் இருக்கும், ஆடியில உப்பு மட்டும் தெரியும்.

4 அடிக்கு வோட்டர் புறூஃப் அடிச்சு ரைல்ஸ் ஒட்டினால் சரி எண்டு ஒருத்தர் சொல்லுறார். செய்யலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஹாட்வெயார்_மாங்குளம்

ரைல்ஸ் ஒட்டிறது கெதியில முடியிற வேலை, பார்வைக்கும் வடிவு. இரண்டு கோட் வோட்டர் புறூஃப் அடிச்சிட்டு ஒட்டினால் அறைக்குள்ள ஈரம் தெரியாது. கையில இருக்கிற காசைப் பார்த்து முடிவெடுங்கோ. பழைய பூச்சு முழுக்கக் கொத்தித்தான் ஒட்டவேணும், அதை மட்டும் விட்டிடாதைங்கோ.

சுண்ணாம்புச்சாந்து

ரைல்ஸ் வேண்டாம். காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியில் பழைய சுவர் வைத்திருக்கிற பல வீடுகளில் இதே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் தடுக்கும் படை கிடையாது. மண்ணில் உள்ள தண்ணீரைச் செங்கல்லும் சாந்தும் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் அந்த ஈரம் ஒன்று இரண்டு அடிக்குள்ளேயே சுவரின் இரு முகத்தாலும் காற்றில் போய்விடும். ஏறுகிற அளவும் காய்கிற அளவும் ஒரு மட்டத்தில் சமப்படும், கறை அந்த மட்டத்தில் நிற்கும். சீமெந்துப் பூச்சுப் போட்டதும் காய்கிற வழி அடைபடுகிறது. ஏறுகிற தண்ணீர் குறையவில்லை. ஆகவே வெளியேற இடம் கிடைக்கும்வரை அது மேலே போகும். உங்களுக்கு 3 அடியில் நின்ற கறை, 1:3 சாந்து பூசியபின் 4 அடிக்கு ஏறியதற்குக் காரணம் இதுதான். 4 அடிக்கு ரைல்ஸ் ஒட்டினால் அடுத்த மாரிக்குப் பிறகு ரைல்ஸ் விளிம்புக்கு மேலே பெயின்ற் கொப்புளிக்கும். யன்னல் நிலையும் அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது என்பதை யோசியுங்கள்.

2016இல் செய்த இரண்டு வேலையும் இதைக் கூட்டியிருக்கிறது. ரைல்ஸ் நிலத்தால் வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்தை அடைத்து, அதையும் சுவர்ப் பக்கம் தள்ளியது. கிறவல் போட்டது அதைவிட மோசம். வெளி நிலம் வீட்டு நிலத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்கவேண்டும், 8 இருந்தால் நல்லது. 2 அங்குலம் என்றால் மழைத்துளி நிலத்தில் பட்டுத் தெறிப்பதே சுவரை நனைக்கப் போதும்.

பீலி இல்லாததையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்குப் பக்கக் கூரை 30 அடி நீளம், 12 அடி சரிவு என்று வைத்தால், ஒரு அங்குல மழைக்கு ஏறத்தாழ 850 லீற்றர் தண்ணீர் சுவரடியில் விழுகிறது. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ப்பது. அந்த மூன்று மாதமும் அத்திவாரம் குளத்துக்குள் நிற்கிற மாதிரிதான்.

எனவே வெளியே மூன்று வேலை, உள்ளே கை வைக்க முதல்:

சுவரோரம் 3 அடி அகலத்துக்குக் கிறவலை வெட்டி எடுத்து, நிலத்தை வீட்டு நிலத்துக்கு 8 அங்குலம் கீழே கொண்டுவாருங்கள். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 3 அடிக்கு 1 அங்குலச் சரிவாவது இருக்கட்டும்.

பீலி போட்டு, இறங்கு குழாயின் வாயைச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி விடுங்கள்.

தண்ணீர் இன்னும் தேங்கினால் 3 அடி தள்ளி ஒரு அடி அகலத்தில் கான் வெட்டி, முக்கால் அங்குலச் சல்லி நிரப்பி, தாழ்வான பக்கம் வடிய விடுங்கள். பழைய அத்திவாரம் இரண்டு அடிக்குள்ளேயே முடிந்திருக்கலாம். ஓரிடத்தில் தோண்டிப் பார்த்து, கானின் அடி அத்திவாரத்தின் அடியைவிட ஆழம் போகாமல் பாருங்கள். போனால் சுவர் இறங்கும்.

வெட்டிய இடத்தில் சுவரோடு ஒட்டிச் சீமெந்து போடவேண்டாம். தண்ணீர் படாது என்று நினைத்துத்தான் போடுவார்கள். கீழே உள்ள ஈரம் வெளிவர முடியாமல் சுவருக்குள் போகும். சுவரோரம் ஒரு அடிக்குச் சல்லி மட்டும் பரப்புங்கள்.

நடுச்சுவர் வேறு கதை. அதற்கு மழை படாது. குசினிப் பக்கம் தண்ணீர்க் குழாய், தொட்டி, கழுவுநீர் போகும் வழி என்ன இருக்கிறது? இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுத் தாங்கியின் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுக்கு. பிறகு ஒரு அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கத்தில் துளி பிடித்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் பிடித்தால் அது சமையல் ஆவி. அதற்குக் காற்றோட்டம் போதும், கொத்தத் தேவையில்லை.

முத்தையன்கட்டு_வீடு

நன்றி ஐயா. தாங்கி இறங்கயில்லை. பொலித்தீன் இரண்டு சுவரிலும் ஒட்டினது, இரண்டிலும் சுவர்ப் பக்கம்தான் துளி. நடுச்சுவர் வழிய தண்ணிக் குழாய் ஒண்டும் இல்லை. முந்திக் குசினி இருக்கிற இடத்தில மாட்டுக்கொட்டில் இருந்ததாம் எண்டு அயலில சொல்லினம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோ?

இன்னொண்டு. எங்கடை கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். சாந்து குழைக்கப் பாவிக்கலாமோ?

உவர்மண்

மாட்டுக்கொட்டில் என்றால் தொடர்பு நேரடியானது. மாட்டுச் சிறுநீரும் சாணமும் மண்ணில் ஊறி நைத்திரேற்று உப்பாகும். அது ஈரத்தோடு செங்கல்லுக்குள் ஏறி, ஈரம் காய்கிற மட்டத்தில் தங்கிவிடும். இந்த உப்புக்கும் கறி உப்புக்கும் ஒரு குணம்: காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக் கரையும். கறி உப்புக்குக் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டவேண்டும், நைத்திரேற்றுகள் சிலவற்றுக்கு அதைவிடக் குறைவே போதும். மார்கழியில் காற்று பெரும்பாலான நேரம் அதற்கு மேலேதான் நிற்கும். ஆகவே நிலத்து ஈரத்தை முற்றாக நிறுத்தினாலும் உப்பு சுவரில் இருக்கும்வரை மாரியில் சுவர் நனையும். ஆடியில் காய்ந்து படிகமாகும்போது விரிந்து பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் உடைக்கும். நீங்கள் பார்க்கிற வெள்ளைத் தூள் அதுதான்.

உப்பை எடுப்பது எப்படி என்றால்:

பூச்சை உரித்தபின் சுவரைக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போகும். காய்ந்த தும்புப் பிரஷ்ஷால் தட்டி, விழுகிற தூளைச் சாக்கில் கூட்டி அள்ளி, வீட்டிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். சுவரடியில் விட்டால் அடுத்த மழையோடு திரும்பி ஏறும். முதல் மாதம் வாரத்துக்கு இருமுறை தட்டினால் நிறைய வரும்.

அதற்குப் பிறகும் பூத்துக்கொண்டே இருந்தால், பழைய பத்திரிகைத் தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை அங்குலத் தடிப்பில் சுவரில் அப்பி, தானாகக் காய்ந்து விலகும்வரை விடுங்கள். ஈரம் வெளிப்பக்கம் வரும்போது உப்பையும் தாளுக்குள் கொண்டுவரும். இரண்டு மூன்று தரம் செய்யலாம். மாட்டுக்கொட்டில் பக்கத்து முகத்துக்கு இதைக் கட்டாயம் செய்வேன்.

உவர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எடுத்த உப்பைத் திரும்ப வைக்கிற வேலை அது. பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம் புதுச் சுவரிலும் ஓதம் தெரிகிற வீடுகளில் பலதற்கு உவர்க் கிணறும் கடல் மணலும்தான் காரணம். மழைநீர் பிடித்து வையுங்கள், அல்லது பவுசர்த் தண்ணீர் எடுங்கள். பூச்சை நனைத்து வைக்கவும் அதே தண்ணீர்தான். மணலும் ஆற்று மணலாக இருக்கட்டும். தெளிந்த போத்தலில் அரைவாசிக்கு மணல், மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மேலே படிகிற சேறு மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேலே வந்தால் கழுவாமல் பாவிக்க வேண்டாம், பூச்சு வெடிக்கும்.

கொல்லுத்துக்காரன்

மேலே சொன்னது எல்லாம் சரி. வேலை எப்படிச் செய்யிறது, எப்ப செய்யிறது எண்டதை நான் சொல்லுறன்.

காலம் முக்கியம். தை கடைசியில மழை விட்டதும் பூச்சை உரியுங்கோ. பங்குனி, சித்திரை வெயில், வைகாசியிலயிருந்து சோளகம், தென்மேற்குக் காத்து. இந்தக் காத்துக்குக் கிடைக்கிற மாதிரி யன்னல் கதவைத் திறந்து விட்டால் சுவர் தானாக் காயும். சும்மா ஒரு கணக்கு, அங்குலத்துக்கு ஒரு மாதம். 9 அங்குலச் சுவரை ஒரு பக்கம் மட்டும் உரிச்சால் ஒன்பது மாதம் வரும். இரண்டு பக்கமும் உரிச்சால் நாலரை மாதம். அதாலை மேற்குச் சுவரின்ரை வெளி முகத்துச் சீமெந்தையும் உரிக்கத்தான் வேணும். ஆடி, ஆவணியில பூசி, புரட்டாதிக்குள்ள முடிச்சிட்டால் ஐப்பசி மழைக்கு முதல் பூச்சு இறுகும். ஐப்பசியில தொடங்காதைங்கோ, எவ்வளவு நல்ல சாந்தும் அப்ப காயாது.

உரிக்கேக்கை கறை நிக்கிற இடத்தோட நிப்பாட்டக் கூடாது. அதுக்கு மேல ஒண்டரை அடி, உங்களுக்கு ஐந்தரை அடி மட்டும். பொள்ளல் சத்தம் அதுக்கு மேலயும் கேட்டால் அதையும். பழைய செங்கல் மென்மை, பெரிய சுத்தியலால குத்தினால் முகம் உடைஞ்சு வரும். சின்ன உளியை சாய்ச்சுப் பிடிச்சு பூச்சுக்குக் கீழால தள்ளுங்கோ. கொத்த முதல் அந்தச் சுவரில இருக்கிற பிளக் பொயின்ற் எல்லாத்துக்கும் மெயினை நிப்பாட்டுங்கோ. ஈரச் சுவருக்குள்ள வயர் கிடக்கு.

பிறகு கல் இடுக்கில கரைஞ்சு தூளான சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கோ. முகம் போன கல்லைத் தனித்தனியாக் கழட்டி நல்ல கல் வையுங்கோ. சண்டையில செல் பட்ட ஓட்டையளை சீமெந்தால அடைச்ச இடம் இருந்தால் அதையும் கொத்தி, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைச்சு நிரப்புங்கோ. இல்லாட்டி அதைச் சுத்தித்தான் திரும்ப வெடிக்கும்.

காய்ஞ்சுதோ எண்டு கையால தொட்டுப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, மேல்முகம் முதல் காஞ்சிடும். நிலத்திலயிருந்து ஒரு அடியில டிறிலை மெதுவாச் சுத்தி, 3 அங்குல ஆழத்திலயிருந்து வாற தூளை மட்டும் எடுங்கோ. 50 கிராம் நிறுத்து, சட்டியில குறைஞ்ச நெருப்பில வறுத்துத் திரும்ப நிறுங்கோ. 47.5 கிராமுக்குக் கீழ வந்தால் ஐந்து சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கு, பொறுங்கோ.

சாந்து 1:2:9. சீமெந்து ஒண்டு, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது. தனிச் சுண்ணாம்பு 1:3 இன்னும் நல்லம், ஆனால் இறுக வாரக்கணக்கு எடுக்கும், அதோட அதைப் பூசிப் பழகின கை இப்ப குறைவு. சுண்ணாம்புத் தூளை முதல் நாளே தண்ணியில ஊறப்போட்டுக் களியாக்குங்கோ. நீற்றாத கல்லுச் சுண்ணாம்பு கிடைச்சால் தண்ணிக்குள்ள சுண்ணாம்பைப் போடவேணும், சுண்ணாம்புக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. கொதிச்சுத் தெறிக்கும், கண் போயிடும். கண்ணாடி, கையுறை கட்டாயம். நீற்றினதை அரிச்சு இரண்டு கிழமையாவது மூடி வைச்சுத்தான் பூச எடுக்கலாம். நீறாத துணுக்கு உள்ள இருந்தால் பூசினபிறகு வெடிச்சுக் குழி விழும்.

பூச முதல் சுவரை லேசாத் தெளிச்சு நனையுங்கோ. முதல் கை 10 மில்லிமீற்றர், கொஞ்சம் கரடான மணலோட, சாந்தகப்பையால எறிஞ்சு அழுத்தி, ஈரத்தோட கோடு கீறி விடுங்கோ. ஒரு கிழமை கழிச்சு இரண்டாம் கை 5 மில்லிமீற்றர், அரிச்ச மணல். இரும்புத் தகட்டால இழுத்து மினுக்கக் கூடாது, மேல்முகம் அடைபடும். மரப்பலகையால தேய்ச்சு விடுங்கோ. பூச்சு நிலத்தில முட்டாமல் அடியில ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கோ. அதை மறைக்கிற ரைல்ஸ் துண்டை சாந்தில ஒட்டாமல் இரண்டொரு இடத்தில மட்டும் பிடிக்க வையுங்கோ.

சுவரைக் காய வைக்கிற சோளகமே பூச்சை வெடிக்க வைக்கும். பூசிற அண்டைக்கு மேற்குப் பக்க யன்னலைச் சாத்தி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, ஏழு நாள் ஒரு நாளுக்கு மூண்டு நாலு தரம் தெளியுங்கோ. ஊத்திறதில்லை, தெளிக்கிறது.

சாமான் கணக்கு: உள்முகங்கள் 14 அடியும் நடுச்சுவரின்ரை இரண்டு பக்கமும் 24 அடியும், சேர்த்து 38 அடி. உயரம் ஐந்தரை. கிட்டத்தட்ட 209 சதுர அடி. 15 மில்லிமீற்றர் தடிப்பு, இடுக்கு நிரப்பல், சேதாரம் எல்லாம் சேர்த்து மணல் 16 கன அடி, சீமெந்து ஒண்டரைப் பக்கற், சுண்ணாம்புத் தூள் 55 கிலோ. வெளிமுகம் 77 சதுர அடிக்கு இதில மூண்டில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட.

வோல் புட்டி வேண்டாம், இமல்ஷன் வேண்டாம். நாலு கிழமை விட்டு சுண்ணாம்பு மூண்டு கை, ஒவ்வொண்டும் தண்ணி மாதிரி மெல்லிசா. சிலர் சுண்ணாம்புக்குள்ள உப்புப் போட்டுக் கலப்பினம். உங்கடை சுவருக்கு அது நஞ்சு.

முத்தையன்கட்டு_வீடு

அண்ணை, இவ்வளவு விளக்கமாய் எழுதினதுக்கு மிக்க நன்றி. வெளி நிலத்தைப் பதிக்கிறதும் பீலியும் மேற்குச் சுவருக்கு உதவும். நடுச்சுவருக்குக் கீழால ஏறுறதை நிப்பாட்ட வழி இருக்கோ?

சுண்ணாம்புச்சாந்து

இருக்கிறது. இரண்டு முறை.

ஒன்று, துளையிட்டு, தண்ணீரை விலக்கும் சிலேன் கிறீம் ஏற்றுவது. நிலத்துக்கு மேலே வருகிற முதல் கிடைச்சாந்து வரியில் 12 மில்லிமீற்றர்த் துளை, 12 சென்ரிமீற்றருக்கு ஒன்று, ஆழம் 19 சென்ரிமீற்றர். மறுபக்கம் 4 சென்ரிமீற்றர் மிச்சம் விடவேண்டும். கல்லில் இல்லை, சாந்தில்தான் துளை. டிறிலின் சுத்தியல் அடியை நிறுத்திச் சுழற்சியில் மட்டும் விடுங்கள், பழைய சாந்து உதிரும். தூளை ஊதி எடுத்து, உள்நுனியிலிருந்து கிறீமை நிரப்பிக்கொண்டு வெளியே வரவேண்டும். 12 அடிக்கு 31 துளை. மேற்குச் சுவருக்கும் போட்டால் இன்னும் 36. துளை ஒன்றுக்கு 21, 22 மில்லிலீற்றர், 67 துளைக்கு ஒன்றரை லீற்றர். பழைய சுவரில் உள்ளே பொந்து இருக்கும், 2 லீற்றர் எடுங்கள். தண்ணீர் மாதிரியான மருந்து பொந்து வழியாக ஓடிவிடும், கிறீமே கேளுங்கள். இதைப் பூச்சு உரித்த கையோடு செய்யுங்கள், காய்கிற மாதங்களில் அது பரவி வேலை செய்யும்.

மற்றது, இரண்டு அடி நீளத்துக்கு ஒரு வரிசைக் கல்லைக் கழற்றி, தார்த் தாள் விரித்து, திரும்பக் கல்லை 1:3 சீமெந்துச் சாந்தில் இறுக்கி வைப்பது. பக்கத்துத் துண்டைத் தொடாமல் ஒன்று விட்டு ஒன்றாகச் செய்து, வைத்தது இறுகிய பிறகே இடையில் விட்டதை எடுக்கவேண்டும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று 4 அங்குலம் ஏறவேண்டும். கிறீமைவிட நிச்சயமானது. ஆனால் கூரை வளை இந்த நடுச்சுவரில் தாங்குகிறதென்றால் முட்டுக் கொடுக்காமல் ஒரு கல்லையும் அசைக்கக்கூடாது. அனுபவமான மேசன் இல்லாவிட்டால் கிறீமோடு நிறுத்துங்கள்.

கொல்லுத்துக்காரன்

ஒண்டு விட்டுப்போச்சு. கதவு நிலை நடுச்சுவரில இருக்கோ? பூச்சு உரிச்ச நேரத்தில நிலைக்காலின்ரை அடியை ஒரு ஆணியால குத்திப் பாருங்கோ. பாலை, முதிரை மரம் எண்டாலும் இத்தனை வருசம் ஈரத்துக்குள்ள நிண்டால் அடி இத்துக் கறையான் ஏறியிருக்கும். ஆணி அரை அங்குலம் லேசாய் இறங்கினால், நல்ல மரம் வாற இடம்வரை வெட்டி, கீழ சீமெந்துக் கட்டை வைச்சு, இடையில தார்த் தாள் ஒண்டு குடுத்து நிமித்துங்கோ. பூசினபிறகு அதைச் செய்ய வெளிக்கிட்டால் புதுப்பூச்சையும் சேர்த்துத்தான் கொத்தவேண்டி வரும்.